வாடகை வீட்டின் வெப்பமும் வீட்டுடையார் கடமையும்

(சங்க வெள்ளி விழாவில் செக்காலையில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வாடகை வீட்டைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் பேசப் போகின்றேன். இவருக்கு என்ன ஆயிற்று என்று எண்ண வேண்டா. நம் பிள்ளைகள் படிக்கின்ற இடம் பள்ளிக்கூடம் மட்டுமன்று. பள்ளி விட்டு வந்து புத்தகத்தைத் திறக்கின்ற இடம் வீடு. அந்த வீடு சித்திரை, வைகாசி மாதங்களில் எப்படி இருக்கின்றது என்பதைச் செக்காலையின் சந்துகளில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

கத்தரி வெயில் காய்கின்ற நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த ஓர் அறை வீட்டினுள் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பாருங்கள். மேலே கூரை அடுப்பிலிட்ட தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். மின்விசிறி சுழலும், ஆனால் அது கூரையடியில் தேங்கிய வெக்கையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்த பின்னும் சுவர் சுடும். தாய் ஈரத் துணியைத் தரையில் விரித்துப் பிள்ளையைப் படுக்க வைப்பாள். மூத்த பையன் வாசற்படியில் அமர்ந்து, தெருவிளக்கின் ஒளியில் தேர்வுக்குப் படிப்பான். மாதம் பிறந்தால் அந்த வீட்டுக்கு வாடகை உண்டு, மின்கட்டணமும் உண்டு.

இந்த வெக்கைக்குப் பொறுப்பாளி யார்? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கின்ற வினா.

அண்ணலின் வாழ்க்கையிலிருந்து இரண்டு செய்திகளை முதலில் நினைவூட்டுகின்றேன். 1917ஆம் ஆண்டு; வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசின் பணியை ஏற்கச் செல்கின்றார். ஊரில் அவருக்கு வீடு கொடுப்பார் இல்லை. தம் சாதியை மறைத்துக்கொண்டு பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்குகின்றார். மேல் தளத்தில் ஒரு பெரிய கூடம்; அதில் அவர் ஒருவரே. அங்கே மின்விளக்கு இல்லை. காவலாளி கொண்டுவந்து வைக்கும் ஒரு சிறு அரிக்கேன் விளக்குத்தான் வெளிச்சம். அந்த இருட்டிலும் அவர் படித்தார். ஒருநாள் காலை கையில் தடியுடன் ஒரு கூட்டம் வந்து நின்று, அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டியது. வாடகையைத் தவறாமல் கொடுத்தும், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற நேர்ந்தது.

இரண்டாவது செய்தி 1943ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே அம்பேத்கர் அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் உறுப்பினர். மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. நாட்டின் மின்வழங்கல் குறித்து ஆராய்ந்த கொள்கைக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். மின்சாரம் சிலருடைய இலாபப் பொருளாக நின்றுவிடாமல், குறைந்த விலையில் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர் 1948இல் வந்த மின்வழங்கல் சட்டத்திற்கு அக்காலத்துப் பணிகளும் அடித்தளமாயின. அரிக்கேன் விளக்கில் படித்தவரே நாட்டுக்கு விளக்கேற்றத் திட்டம் வகுத்தார்! வாடகை வீடும் மின்சாரமும் நமக்குப் புறத்தே உள்ள செய்திகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளைக் காண வெளிநாட்டவர் வருகின்றனர். அவற்றின் அழகை வியக்கின்றனர். ஆனால் அந்த வீடுகளின் மெய்யான திறமை அவற்றின் குளிர்ச்சியிலே இருக்கின்றது. தடித்த சுவர்கள், முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த முகடு, அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டோடு, நடுவிலே வானம் பார்த்த முற்றம், காலடியில் ஆத்தங்குடிக் கல். முற்றத்தின் வழியே சூடேறிய காற்று மேலே செல்லும். நிழற்பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி என்பதே இல்லாத காலத்தில், வெயிலை வாசலிலேயே நிறுத்தி வைத்த அறிவு அது.

அந்த அறிவு ஒருவருடைய தனியுடைமை அன்று. மனை உரிமை நகரத்தாருடையது. கொத்தரும் தச்சரும் சித்தாள்களுமாகப் பல சாதித் தொழிலாளர் அதைக் கட்டினர். சுண்ணாம்பு சுமந்தவர்களுள்ளும் மண் மிதித்தவர்களுள்ளும் நம் பாட்டன் பாட்டியரும் இருந்தனர். வெயிலை எப்படித் தடுப்பது என்று இந்த ஊர்க் கைகளுக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று தகரத்தின் கீழும் ஆஸ்பெஸ்டாஸின் கீழும் வேகின்றனர். ஆகவே இது அறியாமையால் வந்த கேடு அன்று. செலவு யாருடையது, பயன் யாருடையது என்ற கணக்கில் வந்த கேடு.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துரைக்கின்றேன். கூரை வீட்டுக்காரருடையது. வெக்கை குடியிருப்பவருடையது. கூரையின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் வீடு குளிரும். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அதனால் மின்கட்டணம் குறைவதோ குடியிருப்பவருக்கு. தமக்குப் பயன் இல்லாத செலவை வீட்டுக்காரர் ஏன் செய்ய வேண்டும்? பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவன், பிறருடைய கூரைக்கு ஏன் பணம் போட வேண்டும்? இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றனர். கூரை எரிந்துகொண்டே இருக்கின்றது. உலகெங்கும் வாடகை வீடுகளில் உள்ள முடிச்சு இதுதான்.

நமக்கு அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு தேடிச் செல்லும் நம் இளைஞனிடம் வாடகையைச் சொல்வதற்கு முன்பே, எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கின்றார்கள். நகரங்களின் வாடகைச் சந்தையில் சாதியும் மதமும் குறுக்கே நிற்பதை, தில்லித் தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த அறிஞர்களும் நேரில் ஆராய்ந்து 2015இல் கட்டுரையாக வெளியிட்டனர். பத்து வாசல்களில் இல்லை என்று கேட்டு, பதினொன்றாவது வாசலில் ஒரு வீடு பெற்றவன், “ஐயா, கூரைக்கு வெள்ளையடித்துத் தாருங்கள்” என்று கேட்பானா? கேட்டால் வீடு போய்விடும் என்று அஞ்சுவான். பேரம் பேசும் வலிமை இல்லாதவனுக்காகச் சட்டம் பேச வேண்டும். வாடகை வீட்டுக்கு விதி வேண்டும் என்று நான் சொல்வதன் உட்பொருள் இதுவே.

மின்கட்டணத்தில் உள்ள கணக்கைத் தாய்மார்கள் உற்றுக் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்ற ஏற்பாடு வந்தது. இந்தச் சலுகை ஓர் இணைப்புக்கு உரியது. ஒரு குடும்பத்திற்கு உரியதன்று. ஒரே வீட்டை நான்கு பகுதியாகத் தடுத்து நான்கு குடும்பங்களுக்கு விட்டு, மீட்டர் ஒன்றை மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும்?

2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். குடும்பத்திற்கு 150 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மீட்டர் இருந்தால், முதல் 100 இலவசம். அடுத்த 50 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 112 ரூபாய் 50 காசு. நான்கு குடும்பத்திற்கும் சேர்த்து 450 ரூபாய். ஒரே மீட்டரில் 600 யூனிட் ஓடினால், 500ஐத் தாண்டியவுடன் விலைப்படி மாறிவிடுகின்றது. முதல் 100 இலவசம். அடுத்த 300க்கு 4 ரூபாய் 50 காசு வீதம் 1,350 ரூபாய். அதற்கடுத்த 100க்கு 6 ரூபாய் வீதம் 600 ரூபாய். கடைசி 100க்கு 8 ரூபாய் வீதம் 800 ரூபாய். மொத்தம் 2,750 ரூபாய்! அதே நான்கு குடும்பம், அதே விளக்கு, அதே விசிறி. கட்டணம் மட்டும் ஆறு மடங்கு. விகிதங்கள் பின்னர் மாறினாலும் பாடம் மாறாது.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. சில வீட்டுக்காரர்கள் உள்மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்குகின்றனர். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 600 யூனிட்டுக்கு 4,800 ரூபாய் வசூலாகும். வாரியத்திற்குச் செலுத்துவது 2,750. மீதி யாருக்கு? அரசு ஏழைக்கென்று கொடுத்த இலவச யூனிட்டு, ஏழையின் வாசல்வரை வந்து திரும்பிப் போகின்றது. இளைஞர்களே, இதைக் கேட்டு நீங்கள் சினம் கொள்ள வேண்டா. கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த முடிச்சைப் பிற நாடுகள் எப்படி அவிழ்க்கின்றன என்று பார்ப்போம். இங்கிலாந்தில் வீடுகளுக்கு ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஆற்றல் தரச் சான்று உண்டு. 2015இல் இயற்றிய விதிகளின்படி, 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ‘இ’ தரத்திற்குக் கீழுள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடலாகாது. 2020 ஏப்ரல் முதல், ஏற்கெனவே குடியிருப்போர் உள்ள வீடுகளுக்கும் இவ்விதி விரிந்தது. வீட்டுக்காரர் தம் கையிலிருந்து 3,500 பவுண்டு வரை செலவிட வேண்டும் என்று வரம்பும் வைத்தனர். பிரான்சில் 2021இல் இயற்றிய சட்டத்தின்படி, கடைத் தரமாகிய ‘ஜி’ வீடுகளை 2025 சனவரி முதல் புதிய ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுவதற்கில்லை. 2028இல் ‘எஃப்’ தரத்திற்கும் அந்நிலை வரும் என்று நாள் குறித்தனர்.

ஜெர்மனியின் வழி நமக்கு மிகவும் சிந்தனைக்குரியது. அங்கே எரிபொருளின்மீது கரிக்கட்டணம் ஒன்று விதிக்கப்படுகின்றது. 2023 முதல் அதனை வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வீடு எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கு வீட்டுக்காரர் பங்கு கூடும்; மிக மோசமான வீட்டில் 95 விழுக்காடு வரை அவரே ஏற்க வேண்டும். வீடு நன்றாக இருந்தால் அவர் பங்கு குறைந்துகொண்டே வந்து இல்லாமலே போகும். கூரையைச் சீர்செய்வதில் வீட்டுக்காரருக்கும் ஓர் ஆதாயத்தைச் சட்டம் உண்டாக்கிவிட்டது பாருங்கள்! அதே ஜெர்மனியில் வீட்டைச் சீரமைத்த செலவில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டை வாடகையில் ஏற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகின்றது. அதனால் வாடகை ஏறி ஏழைகள் வெளியேற நேர்கின்றது என்ற முறையீடும் அங்கே உண்டு. ஆகையால் விதி எழுதும்போது இரு பக்கமும் பார்த்து எழுத வேண்டும் என்பது நாம் கற்க வேண்டிய பாடம்.

அவர்களுக்குக் குளிர் பகை. நமக்கு வெயில் பகை. எனினும் முடிச்சு ஒன்றே. நம் நாட்டில் என்ன செய்திருக்கின்றார்கள்? 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002இல் ஆற்றல் திறன் செயலகம் அமைந்தது. குளிர்பதனப் பெட்டியிலும் மின்விசிறியிலும் ஒட்டியிருக்கின்ற நட்சத்திரச் சீட்டு அச்செயலகம் தருவது. மேற்கூரை மின்விசிறிக்கு 2023 சனவரி முதல் அந்தச் சீட்டு கட்டாயமாயிற்று. விசிறிக்குத் தரம் வந்தது. விசிறி தொங்குகின்ற கூரைக்கு?

கூரைக்கும் ஒன்று எழுதினார்கள். 2018 டிசம்பரில் வெளியான குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்புக்கு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று பெயர். சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று அது வரம்பு கட்டுகின்றது. நல்ல தொகுப்புத்தான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே உரியது. நம் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டேகால் சென்ட். மேலும் மாநிலங்கள் தத்தம் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அது கட்டாயமாகும். 2022இல் திருத்திய ஆற்றல் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. அதிலும் 100 கிலோவாட் இணைப்புச் சுமை உள்ள பெரிய கட்டடங்களே எல்லை. மாநிலம் விரும்பினால் அந்த எல்லையைக் குறைக்கலாம். நம் வீட்டின் சுமையோ ஒன்றிரண்டு கிலோவாட். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பாராட்டுக்குரியது. அதிலும் 600 சதுர கஜத்திற்கு மேற்பட்ட வீடுகளுக்கே கட்டாயம். சிறிய வீட்டுக்கு விருப்பம்.

இவற்றுள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தீர்களா? பெரிய வீட்டுக்கு விதி. சிறிய வீட்டுக்கு விருப்பம். பெரிய வீட்டில் இருப்பவர் குளிர்சாதனம் வைத்துக்கொள்வார். விதி யாருக்கு மிகவும் வேண்டுமோ அவருடைய வாசலுக்கு அது வரவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்திலும் இதே கதைதான். அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகின்றது, கூரை உடையவருக்கு. வாடகைக்கு இருப்பவருக்குக் கூரை ஏது?

நம் மாநில அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் உதவியும் உண்டு என்றது. இதனை நன்றியோடு வரவேற்கின்றேன். வெள்ளமும் புயலும்போல வெயிலும் கொல்லும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி. ஆனால் செத்த பின் வருகின்ற பணத்தைவிட, சாவதற்கு முன் கூரையில் பூசுகின்ற வெள்ளை மேலானதன்றோ? வெப்பம் பேரிடர் என்றால், அந்தப் பேரிடருக்கு வாசல் திறந்துவிடுகின்ற கூரையை வாடகைக்கு விடலாமா என்ற வினாவும் எழத்தானே வேண்டும்?

வாடகைச் சட்டம் என்ன சொல்கின்றது? 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த நம் காரைக்குடிக்கும் அது பொருந்தும். வெப்பத்தைப் பற்றியோ ஆற்றலைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை என்பது மெய். ஆயினும் நம் கைக்கு எட்டும் சில கருவிகள் அதிலும் பிற சட்டங்களிலும் இருக்கின்றன. அவற்றை இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரை மாவட்ட ஆட்சியர் அப்பொறுப்பில் அமர்த்துகின்றார். எழுதாத வாடகைக்கு நியாயம் கேட்பது கடினம்.

இரண்டாவது, கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம், தேவைப்படும்போது மின்கம்பி மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு என்று அச்சட்டத்தின் அட்டவணை வகுத்துள்ளது. சுவிட்சு, குழாய் வாஷர் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு அடிக்கின்ற வெள்ளையைக் கூரைக்கும் அடித்துத் தருமாறு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வதற்குத் தடை ஏதும் இல்லை.

மூன்றாவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் தம் விருப்பப்படி நிறுத்தலாகாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

நான்காவது, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்னிணைப்பு வழங்க வேண்டும் என்கின்றது. ‘குடியிருப்பவர்’ என்ற அந்த ஒரு சொல் நமக்குப் பெரிய செல்வம். வீட்டுக்காரர் இசைவு தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்து விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டு மின்பகிர்மான விதித்தொகுப்பு வழி வைத்திருக்கின்றது. வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது. தனி வாசலும் தனிச் சமையலும் உள்ள குடும்பம் தனி மீட்டரைக் கேட்பது பிச்சையன்று, உரிமை.

உரிமையைச் சொன்னேன், அச்சத்தையும் மறக்கவில்லை. தனியாக ஒருவர் கேட்டால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஆகையால் சங்கமாகக் கேட்க வேண்டும். கல்விச் சங்கத்தில் ஒரு மேசையும், விண்ணப்பம் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களும், வாரத்தில் ஒரு மாலையும் போதும். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், மின்கட்டணச் சீட்டைக் கணக்கிட்டுச் சொல்லவும் அவர்கள் அங்கே இருக்கட்டும்.

இப்போது என் உரையின் கடினமான பகுதிக்கு வருகின்றேன். இந்த அவையில் வாடகைக்குக் குடியிருப்போர் மட்டும் இல்லை. வாடகைக்கு விடுவோரும் இருக்கின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் படித்தனர், ஆசிரியராயினர், அலுவலராயினர். சிலர் மனை வாங்கினர்; வீடு கட்டினர்; மாடியிலும் கொல்லையிலும் ஓர் அறை எடுத்து வாடகைக்கு விட்டனர். இதில் குற்றம் ஏதும் இல்லை; மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மாடி அறையின் கூரை எது? பெரும்பாலும் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். மீட்டர் எத்தனை? ஒன்று. குடியிருப்பவர் யார்? நம்மவர்களே. பிறர் வீடு தர மறுத்ததால் நம்மிடம் வந்தவர்கள். வேறு போக்கிடம் இல்லாதவனிடம் நாமும் அதே கூரையைக் கொடுத்து, அதே விலையை வாங்கினால், பரோடா விடுதியின் இருண்ட கூடத்தை நாம் நம் கையாலேயே கட்டியவர்கள் ஆவோம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கின்றது. ஆயினும் நம் வீட்டுக் குறையை நாமே பேசாவிட்டால் யார் பேசுவது?

எனவே அரசு சட்டம் செய்கின்றவரை காத்திராமல், வீடு விடுகின்ற நம் உறுப்பினர்கள் தமக்குத் தாமே ஐந்து விதிகளை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று இவ்வவையில் வேண்டுகின்றேன்.

ஒன்று: ஒவ்வொரு கோடைக்கு முன்னும் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வண்ணமோ பூசுதல். அகமதாபாத் நகரில் 2017 முதல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளில் இதைச் செய்தனர். இவ்வாறு பூசிய வீட்டினுள் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் குறையும் என்பது அத்திட்டத்தினர் தருகின்ற கணக்கு. ஓர் எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது, அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதன்மேல் ஏறி நடக்கவும் கூடாது; உடைந்து விழுந்து உயிர் இழந்தோர் உண்டு. பலகை போட்டு, தேர்ந்த ஆளைக் கொண்டு செய்யுங்கள்.

இரண்டு: காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போக, எதிரெதிரே இரண்டு திறப்புகள். சன்னல் வைக்க இடமில்லையெனில் சுவரின் மேற்புறம் காற்றுத் துளையேனும் வேண்டும்.

மூன்று: குடும்பத்திற்கு ஒரு மீட்டர். அஃது இயலும்வரை, வாரியச் சீட்டில் உள்ள தொகையைக் காட்டி, அதைப் பங்கிட்டு வாங்குதல்; ஒரு காசும் கூட்டலாகாது.

நான்கு: வீட்டோடு நட்சத்திரச் சீட்டுள்ள விசிறியும் எல்.இ.டி. விளக்கும் கொடுத்தல். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் தின்னும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி 30 வாட்டில் சுழலும். நாளொன்றுக்குப் பதினைந்து மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு நாற்பது யூனிட் மிச்சம். இலவச நூறுக்குள் நிற்பதற்கும் அதைத் தாண்டுவதற்கும் உள்ள இடைவெளி அந்த நாற்பதுதான்.

ஐந்து: இவற்றைச் செய்தேன் என்று சொல்லி அந்த ஆண்டில் வாடகையை ஏற்றாதிருத்தல், கேட்டான் என்பதற்காக யாரையும் வெளியேற்றாதிருத்தல்.

இந்த ஐந்தையும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிடும் வீட்டுக்காரர்களின் பட்டியலைச் சங்கத்தின் சுவரில் ஒட்டுவோம். வாடகைக்கு வீடு தேடுபவர் முதலில் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். பிறகு மாநகராட்சியிடமும் அரசிடமும் சென்று, “பன்னிரண்டு சென்ட் வீட்டுக்கு எழுதிய விதியை அரை சென்ட் வீட்டுக்கும் எழுதுங்கள், வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கூரையின் வெப்பத்தையும் சேருங்கள், சிறிய வீட்டுக்காரருக்கு மானியம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அந்த மானியம் பெற்றவர் வாடகையை ஏற்றாதபடி பாருங்கள்” என்று கேட்போம். தாம் செய்துவிட்டுக் கேட்பவனுடைய குரலுக்கு எடை உண்டு.

இறுதியாக, கல்விச் சங்கத்திற்கு இதில் என்ன வேலை என்ற வினாவிற்கு விடை கூறி முடிக்கின்றேன். அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், ஓர் ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அவ்வாண்டுக் கற்றலில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகின்றது என்று அதில் கண்டனர். கறுப்பின மாணவர்களுக்கு அந்த இழப்பு கூடுதலாக இருந்தது. வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றாகவே விழுகின்றது. கூரைதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது.

நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம்; தேர்வுக் கட்டணம் கட்டினோம்; மாலை வகுப்பு நடத்தினோம். அந்தப் புத்தகத்தை விரித்து வைத்து அமர ஒரு குளிர்ந்த மூலையையும் கொடுப்போம். வாசற்படியில் தெருவிளக்கடியில் அமர்ந்திருக்கும் அந்தப் பையனை வீட்டுக்குள் அழைப்போம். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியில் இதுவும் ஒன்றாகட்டும் என்று வேண்டுகின்றேன்.